ஒளிச்சேர்க்கைப் புரத மின்முனைகளில் எலக்ட்ரான் இடமாற்றம்

ஒளிச்சேர்க்கைப் புரத மின்முனை என்பது, பச்சை இலையிலிருந்தோ நீலப்பச்சைப் பாசியிலிருந்தோ பிரித்தெடுத்த ஒளிச்சேர்க்கைப் புரதங்களைத் தங்கம், கரி, டைட்டானியம் ஆக்சைடு போன்ற ஒரு பரப்பின் மேல் படியவைத்து, ஒளி படும்போது அவை விடுவிக்கும் எலக்ட்ரானைக் கம்பி வழியாக வெளியே எடுக்கும் அமைப்பாகும். இலையைப் போலச் சர்க்கரை செய்யாமல், இது நேரடியாக மின்னோட்டம் தருகிறது. ஆகவே இதை உயிரிச் சூரிய மின்கலம் என்றும் அழைப்பர்.

இலைக்குள் இருக்கும்போது, தான் ஏற்ற ஒளித்துகள் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரு எலக்ட்ரானை நகர்த்திவிடும் புரதம் இது. அதே புரதத்தை மின்முனையின் மேல் வைத்தால், அதில் மிகச் சிறு பங்கே கம்பிக்கு வந்து சேர்கிறது. மீதி எங்கே போகிறது என்பதே இத்துறையின் முதன்மைக் கேள்வி. விடை பெரும்பாலும் புரதத்துக்கும் மின்முனைக்கும் நடுவே உள்ள சில நானோமீட்டர் இடைவெளியில்தான் இருக்கிறது.

லோயர் கேம்ப்பும் இலையும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க லோயர் கேம்ப் மின் நிலையத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பெரியாறு இயல்பில் மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை அதைத் தேக்குகிறது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் கிழக்கே திரும்புகிறது. குமுளி மலைச்சாலையில் ஏறும்போது கண்ணில் படும் ராட்சதக் குழாய்கள் அந்த நீரைச் செங்குத்தாக இறக்கி, நான்கு மின்னாக்கிகளைச் சுழற்றுகின்றன. அதன் பிறகு அதே நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று இறங்கி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்துக்குப் பாய்கிறது.

இலையிலும் இதே வேலைதான் நடக்கிறது. வெயில் ஒரு எலக்ட்ரானை ஆற்றல் என்னும் மலை உச்சிக்கு ஏற்றுகிறது. அது படிப்படியாக இறங்கி, இறுதியில் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் வேலைக்குப் போகிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் வரும் 'இசட்' வடிவப் படம் உண்மையில் இந்த ஏற்ற இறக்கத்தின் வரைபடம்தான். மின்முனை அமைப்பவர் செய்ய நினைப்பது, வயலுக்குப் போகும் அந்த எலக்ட்ரானை நடுவழியில் மறித்து ஒரு குழாய்க்குள் விடுவது.

லோயர் கேம்ப்பில் இன்னொரு வழியும் உண்டு. குழாய்கள் ஏற்காத நீரும், பராமரிப்புக் காலத்தில் திறக்கப்படும் நீரும் இரைச்சல் பாலம் வழியாக இறங்குகின்றன. அதே உயரம், அதே நீர். ஆனால் அந்த வழியில் ஒரு யூனிட் மின்சாரமும் வராது. புரத மின்முனையில் இரைச்சல் பாலங்கள் பல. மேலே ஏறிய எலக்ட்ரான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி விழலாம். கரைந்துள்ள ஆக்சிஜன் அதைப் பிடித்துக்கொள்ளலாம். மின்முனைக்குப் போய்விட்டு மறுபடி புரதத்துக்கே வரலாம். எலக்ட்ரான் இடமாற்ற ஆய்வு என்பது இந்தக் கள்ள வழிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பதே.

உவமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நீர் இறங்க உயர வேறுபாடு இருந்தால் போதும். குழாய் பத்து அடி நீண்டாலும் வந்து சேரும். எலக்ட்ரான் புரதத்துக்குள் ஓடை போல ஓடுவதில்லை. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குக் குவாண்டம் முறையில் ஊடுருவித் தாவுகிறது. உயரம் எவ்வளவு இருந்தாலும் தூரம் சற்றுக் கூடினால் தாவல் நின்றுபோகும்.

ஒளி அமைப்பு 1-க்குள் நடப்பது

மின்முனை ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுவது ஒளி அமைப்பு 1 என்ற புரதத் தொகுப்பு. வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுக்கப்பட்ட இதன் அணு அமைப்பு 2001இல் வெளியானது. 12 புரதத் துணையலகுகள், அவற்றில் பொதிந்த 96 பச்சைய மூலக்கூறுகள், 22 கரோட்டினாய்டுகள், மூன்று இரும்பு-கந்தகக் கொத்துகள், இரண்டு வைட்டமின் கே வகை மூலக்கூறுகள், நான்கு கொழுப்புகள் என்று அதில் எண்ணப்பட்டன. 96 பச்சையங்களில் பெரும்பாலானவை ஒளியை வாங்கிக் கைமாற்றும் வேலையை மட்டுமே செய்கின்றன. எலக்ட்ரானை உண்மையில் விடுவிப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு இணை. 700 நானோமீட்டர் ஒளியை ஏற்பதால் அதற்குப் பி700 என்று பெயர்.

700 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் 1.77 எலக்ட்ரான் வோல்ட். அதை வாங்கிய பி700 தன் எலக்ட்ரானைச் சில பிகோநொடிகளில் அடுத்துள்ள பச்சையத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு பிகோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பல பத்துப் பிகோநொடிகளில் அது வைட்டமின் கே மூலக்கூறுக்கும், பின்னர் நானோநொடிகளில் முதல் இரும்பு-கந்தகக் கொத்துக்கும், ஒரு மைக்ரோநொடி ஆவதற்குள் புரதத்தின் மறுபுறத்தில் உள்ள கடைசிக் கொத்துக்கும் போய்ச் சேருகிறது. கடைசிக் கொத்தில் நிற்கும்போது எலக்ட்ரானிடம் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட்தான். மீதி 0.7க்கும் மேல் வழியிலேயே வெப்பமாகிவிட்டது.

இதை வீண் செலவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த இறக்கம்தான் எலக்ட்ரான் திரும்பி ஓடாமல் காக்கிறது. ஒவ்வொரு படியிலும் சற்றுத் தாழ்ந்து, சற்றுத் தள்ளிப் போய்விடுவதால், கடைசிக் கொத்திலிருந்து பி700க்குத் திரும்பி விழப் பல பத்து மில்லிநொடிகள் ஆகின்றன. போவதற்கு ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவு. திரும்புவதற்கு அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. மின்முனைக்குக் கிடைக்கும் அவகாசம் இந்தப் பத்திருபது மில்லிநொடிகள்தான். அதற்குள் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள வேண்டும். எதிர்ப்புறத்தில் வெறுமையாகிப்போன பி700க்கு வேறொரு எலக்ட்ரானையும் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த ஒளித்துகள் வீண்.

ஒளி அமைப்பு 2 வேறு வகை. அது நீரையே பிளந்து எலக்ட்ரான் எடுக்கிறது. உயிரினங்களில் இதைவிட வலிய ஆக்சிஜனேற்றி அறியப்படவில்லை. மாங்கனீசு நான்கும் கால்சியம் ஒன்றும் கொண்ட அதன் நீர் பிளக்கும் மையத்தை 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தெளிவாகப் படம்பிடித்தனர். மின்முனைக்கு இது கவர்ச்சியான பொருள், ஏனெனில் மூலப்பொருள் வெறும் தண்ணீர். ஆனால் தன் வேலையாலேயே தன்னைச் சிதைத்துக்கொள்ளும் புரதமும் இதுதான். கடும் வெயிலில் இதன் டி1 என்ற பகுதி அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியிருக்கிறது. இலையில் அந்தப் பழுதுபார்ப்பு ஓயாமல் நடக்கிறது. பிரித்தெடுத்த புரதத்துக்குப் பழுதுபார்க்க யாரும் இல்லை.

கடைசித் தாவல்

எலக்ட்ரான் இடமாற்றத்தின் வேகத்தை ஆற்றல் வேறுபாடு, சுற்றுச்சூழலின் மறுசீரமைப்பு, தூரம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. முதலிரண்டையும் ஒரு சமன்பாட்டில் இணைத்தவர் ருடால்ப் மார்க்கஸ். 1992இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். புரதங்களில் தூரத்தின் பங்கை லெஸ்லி டட்டனும் கிறிஸ்டோபர் மோசரும் எளிய விதியாக்கினர். தூரம் 0.17 நானோமீட்டர் கூடினால் வேகம் பத்தில் ஒரு பங்காகும் என்பதே அது. அவர்கள் 1999இல் வெளியிட்ட தொகுப்பின்படி, உயிரினங்களில் பயனுள்ள தாவல்கள் எல்லாம் 1.4 நானோமீட்டருக்குள் அடங்குகின்றன.

இந்த விதியை மின்முனைக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒளி அமைப்பு 1-இன் கடைசிக் கொத்து புரதத்தின் ஒரு முகத்தை ஒட்டி இருக்கிறது. அந்த முகம் மின்முனையைத் தொட்டால் தாவல் நடக்கும். புரதம் சாய்ந்து உட்கார்ந்து, கொத்துக்கும் மின்முனைக்கும் நடுவே 3.4 நானோமீட்டர் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 3.4ஐ 0.17ஆல் வகுத்தால் 20. அதாவது வேகத்தை இருபது முறை பத்தால் வகுக்க வேண்டும். ஒன்றுக்குப் பின் இருபது சுழியம் போட்ட எண்ணில் ஒரு பங்கு என்றால் தாவல் இல்லை என்றே பொருள்.

ஆக, புரதத்தை மின்முனையில் தடவினால் மட்டும் போதாது. அது எந்த முகத்தைக் கீழே வைத்து உட்காருகிறது என்பது முக்கியம். தலைகீழாக உட்கார்ந்த புரதம் பயனற்றுப் போவதோடு நிற்பதில்லை. அது எதிர்த்திசை மின்னோட்டம் தந்து, சரியாக உட்கார்ந்த புரதத்தின் உழைப்பையும் கழித்துவிடும். பாதி நேராகவும் பாதி தலைகீழாகவும் இருந்தால், இரண்டும் நன்றாக உழைத்தும் அளவி சுழியத்தைக் காட்டக்கூடும்.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் முயலப்பட்டுள்ளன. தங்கப் பரப்பில் கந்தக முனை கொண்ட மூலக்கூறுகளை நட்டு, அவற்றின் தலையில் புரதத்தின் ஒரு முகத்தை மட்டும் பிடிக்கச் செய்வது ஒன்று. மரபணு மாற்றத்தால் புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் வால் சேர்த்து நிக்கலோடு கட்டுவது மற்றொன்று. இயற்கையில் பி700க்கு எலக்ட்ரான் கொடுக்கும் வேலையைச் செய்யும் சைட்டோகுரோம் புரதத்தை முதலில் மின்முனையில் பரப்பி, அதன் மேல் ஒளி அமைப்பை உட்கார வைப்பது மூன்றாவது.

வேறு சிலர் தாவலைக் குறுக்குவதை விட்டுவிட்டு, நடுவே ஒரு சுமைகூலியை அமர்த்துகிறார்கள். எலக்ட்ரானைப் புரதத்திடம் வாங்கி, நீரில் மிதந்து போய் மின்முனையிடம் கொடுக்கும் சிறு மூலக்கூறு அது. இதை இடைத்தரகர் மூலக்கூறு எனலாம். ஒளி அமைப்பு 1-க்கு ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் இடைத்தரகர் மெத்தில் வயலோஜன். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் விவசாயிகள் அறிந்ததே. பாராகுவாட் களைக்கொல்லிதான் அது. பாராகுவாட் களையைக் கொல்லும் விதமும் இதுவே. ஒளி அமைப்பு 1-இன் கடைசிக் கொத்திலிருந்து எலக்ட்ரானைத் திருடி ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. உருவாகும் நச்சு ஆக்சிஜன் வடிவங்கள் இலையைக் கருக்குகின்றன. வெயில் அடிக்கும் பகலில் இலை விரைவாகக் கருகுவதற்குக் காரணமும் இதுதான். வயிற்றுக்குள் போனால் இதற்கு மாற்று மருந்து இல்லை என்பதால், பள்ளி ஆய்வகங்களில் இதைத் தொடவே கூடாது.

இடைத்தரகரிடம் ஒரு குணக்கேடும் உண்டு. வாங்கிய எலக்ட்ரானை மின்முனைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வெறுமையாக நிற்கும் பி700 அருகில் கிடைத்தால் அதற்கே கொடுத்துவிடும். புரதம் முழு வேகத்தில் உழைக்கும், கம்பியில் ஒன்றும் வராது. இந்தக் குறுக்குச்சுற்றுதான் பல ஆய்வுகளில் கண்டுபிடிக்கக் கடினமான இழப்பாக இருந்திருக்கிறது.

அளக்கும் முறை

அளவீட்டுக்கு மூன்று மின்முனைகள் கொண்ட கலம் பயன்படுகிறது. புரதம் பூசிய மின்முனை ஒன்று, ஒப்பீட்டு மின்முனை ஒன்று, சுற்றை முடிக்கும் மின்முனை ஒன்று. பொட்டென்ஷியோஸ்டாட் என்ற கருவி மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்துக்கொள்ள, விளக்கைச் சில நொடிகள் போட்டும் அணைத்தும் மின்னோட்டத்தை வரைகிறார்கள். விளக்கு எரிந்தவுடன் கோடு கூர்மையாக எழுந்து, பிறகு தணிந்து ஒரு மட்டத்தில் நிற்கும். அந்தக் கூர்முனைக்கும் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு கதை சொல்கிறது. முதல் எலக்ட்ரான்கள் விரைவாக வந்துவிட்டன, ஆனால் வெறுமையான புரதத்தை மீண்டும் நிரப்பும் வேகம் போதவில்லை என்பதே அதன் பொருள்.

எந்த மின்னோட்டம் உண்மையில் ஒளிச்சேர்க்கைப் புரதத்திலிருந்து வந்தது என்று உறுதிசெய்வது இதைவிடக் கடினம். சிதைந்த புரதத்திலிருந்து உதிர்ந்த தனிப் பச்சையமும் ஒளியில் சிறு மின்னோட்டம் தரும். ஆகவே அதே மாதிரியைச் சூடாக்கிச் சிதைத்து மறுபடி அளப்பார்கள். ஒளியின் நிறத்தை மாற்றி அளந்தால், நீலத்திலும் சிவப்பிலும் உயர்ந்து பச்சையில் தாழும் வளைவு வர வேண்டும். நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றியதும் மின்னோட்டம் மாறினால், ஆக்சிஜன் நடுவில் புகுந்து விளையாடியிருக்கிறது என்று பொருள். ஒளி அமைப்பு 2-ஐப் பொறுத்தவரை டையூரான் என்ற களைக்கொல்லியைச் சேர்ப்பது வழக்கம். அது எலக்ட்ரான் வெளியேறும் வாயிலை அடைத்துவிடும். அடைத்த பிறகும் மின்னோட்டம் வருமானால், எலக்ட்ரான் அந்த வாயிலுக்கு முன்பே வேறு வழியில் வெளியேறுகிறது.

காணொளிகளில் பரவும் 'கீரையில் மின்சாரம்' சோதனைகளையும் இங்கே பிரித்தறிய வேண்டும். கீரைச் சாற்றில் செம்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் செருகி எல்இடி எரியவைப்பது எலுமிச்சம்பழ மின்கலத்தைப் போன்றதே. அங்கே மின்சாரம் கரையும் துத்தநாகத்திலிருந்து வருகிறது. கலத்தைக் கறுப்புத் துணியால் மூடிப் பார்த்தால் அளவி அசையாது. மாணவர் அறிவியல் கண்காட்சியில் இதை ஒளிச்சேர்க்கை என்று வைப்பது தவறு. உண்மையாகவே எலக்ட்ரான் இடமாற்றத்தைக் காண விரும்பும் பள்ளிக்கு ராபர்ட் ஹில் 1930களில் காட்டிய வழி போதும். குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் பாலக்கீரையை அரைத்து வடித்த பசுங்கணிகங்களோடு டிசிபிஐபி என்ற நீலச் சாயத்தைச் சேர்த்து வெயிலில் வைத்தால் நீலம் மறையும். இருட்டில் வைத்த குழாயில் மறையாது. சாயம் இலையின் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டது. இன்றைய புரத மின்முனை, அந்தச் சாயத்தின் இடத்தில் ஒரு திண்மப் பரப்பை வைத்ததுதான்.

மின்னோட்டம் மட்டும் போதாதபோது லேசர் துடிப்புகளால் படம்பிடிக்கிறார்கள். ஒரு துடிப்பு புரதத்தைத் தூண்டும். பிகோநொடிகள் கழித்து வரும் இரண்டாவது துடிப்பு எலக்ட்ரான் எங்கே நிற்கிறது என்பதை நிற மாற்றத்தால் காட்டும். கேம்பிரிட்ஜ் குழு ஒன்று 2023இல் இம்முறையில் உயிருள்ள பாசியையும் தனிப் புரதங்களையும் ஆராய்ந்து, எலக்ட்ரானைக் கடைசி நிலையத்துக்கு வரும்வரை காத்திருக்காமல் பிகோநொடி அளவிலேயே வெளியே எடுக்க முடியும் என்று 'நேச்சர்' இதழில் அறிவித்தது. வழியில் வெப்பமாகும் 0.7 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு பகுதியையாவது காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்தது.

மதுரையும் மற்ற இடங்களும்

தேனியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகிறவர்கள் நகருக்குள் நுழையும் முன் பார்ப்பது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை ஆய்வுக்கு அடித்தளமிட்ட இடங்களில் அது ஒன்று. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, பேராசிரியர் ஏ. ஞானமும் ஜி. குழந்தைவேலுவும் இலைகளிலிருந்து முழுச் செல்களைப் பிரித்து, கரைசலில் மிதக்கவிட்டு ஒளிச்சேர்க்கையை அளந்தனர். அந்தக் கட்டுரை 1969இல் அமெரிக்காவின் 'பிளான்ட் பிசியாலஜி' இதழில் வந்தது. ஞானம் பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். மின்முனை ஆய்வின் முதல் படியே, இலையை உடைத்தும் அதன் பொறி நின்றுவிடாமல் காப்பதுதான். அந்தக் கைத்திறனை ஒரு தலைமுறை மாணவர்கள் இங்கே கற்றனர்.

இரண்டாவது படி மின்வேதியியல். அதற்கான தேசிய ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. இலையின் அறிவும் மின்முனையின் அறிவும் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருந்தது இத்துறைக்கு வாய்ப்பான சூழல்.

உலக அளவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1985இல் எலியாஸ் கிரீன்பாம் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பசுங்கணிகப் படலங்களின் மேல் பிளாட்டினத்தைப் படியவைத்து எலக்ட்ரானை வெளியே எடுத்தார். 2004இல் மார்க் பால்டோவின் குழு நீர் இல்லாத திண்மக் கலம் ஒன்றைச் செய்து காட்டியது. 2012இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பாலக்கீரையின் ஒளி அமைப்பு 1-ஐச் சிலிக்கான் மேல் படியவைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 875 மைக்ரோஆம்பியர் பெற்றனர். அடுத்த ஆண்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ராமராஜா ராமசாமியின் குழு, தனிப் புரதத்துக்குப் பதிலாக முழுத் தைலகாய்டுப் படலத்தையே கார்பன் நானோகுழாய்களில் ஒட்டியது. நானோகுழாய் படலத்துக்குள் நெருங்கி நின்று எலக்ட்ரானை வாங்குவதால் இடைத்தரகர் மூலக்கூறு தேவைப்படவில்லை. அதுவரை அறிவிக்கப்பட்ட அத்தகைய அமைப்புகளைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மின்னோட்டம் கிடைத்தது. 2014இல் ஜெர்மனியின் போகும் நகரில், ஆஸ்மியம் கலந்த கூழ்மத்தில் ஒளி அமைப்பு 1-ஐப் பொதித்து, இலைக்குள் நடப்பதைவிட வேகமான எலக்ட்ரான் இடமாற்றத்தைக் கண்டனர். கடைசித் தாவலைச் சரியாக அமைத்தால் புரதம் இயற்கையை மிஞ்சவும் தயாராக இருக்கிறது என்பதற்கு இது சான்று.

சதுர மீட்டர் கணக்கு

செய்தித்தாள்களில் வரும் மைக்ரோஆம்பியர் எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து அளந்த மின்னோட்டமும், கலம் தானாகத் தந்த திறனும் வேறு வேறு. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. ஆண்ட்ரியாஸ் மெர்ஷின் குழு 2012இல் அறிவித்த கலம் சதுர சென்டிமீட்டருக்கு 81 மைக்ரோவாட் தந்தது. ஒரு சதுர மீட்டருக்கு இது 0.81 வாட். ஒரு 9 வாட் எல்இடி பல்பை எரிக்க 11 சதுர மீட்டர் வேண்டும். அதே சதுர மீட்டரில் கடையில் வாங்கும் சிலிக்கான் தகடு உச்சி வெயிலில் ஏறத்தாழ 200 வாட் தரும்.

இந்தக் குறைவுக்குப் புரதத்தின் பருமனும் ஒரு காரணம். மூன்று மூன்றாக இணைந்த ஒளி அமைப்பு 1 சுமார் 22 நானோமீட்டர் விட்டமுள்ள தட்டு. இடைவெளியின்றி ஓரடுக்காக அடுக்கினாலும் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 80,000 கோடி புரதங்களே அடங்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு 100 எலக்ட்ரான் தருவதாக வைத்துக்கொண்டால் கிடைப்பது 13 மைக்ரோஆம்பியர். சிலிக்கான் தருவது 40,000. இலை இந்தச் சிக்கலைப் படலங்களைக் காசு அடுக்குவது போல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தீர்த்துக்கொண்டது. மின்முனையில் அடுக்கினால் மேலடுக்கின் எலக்ட்ரான் கீழே வந்து சேர வழி வேண்டும். துளைகள் நிறைந்த, கட்டட வரிசை போல எழும் மின்முனைகளைக் கேம்பிரிட்ஜ் குழு 2022இல் முப்பரிமாண அச்சு முறையில் செய்தது இதற்காகத்தான். அவற்றில் தனிப் புரதத்துக்குப் பதில் உயிருள்ள பாசியைக் குடியேற்றினர். பாசி தன் டி1ஐத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும்.

காற்றாலையும் லோயர் கேம்ப்பும் உள்ள கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு மின்சாரம் தரும் பொருளாக இதை எதிர்பார்ப்பது, இப்போதைய கணக்குப்படி சரியல்ல. சில மைக்ரோவாட் போதும் என்ற இடங்களில்தான் வாய்ப்பு. 2022இல் அதே கேம்பிரிட்ஜில் ஒரு சிறு பாசிக் கலம் ஒரு நுண்செயலியை ஆறு மாதங்களுக்கு மேல் இயக்கியது.

களைக்கொல்லி உணரி

பள்ளத்தாக்குக்கு இந்த ஆய்விலிருந்து முதலில் கிடைக்கக்கூடியது மின்சாரம் அல்ல, தண்ணீர்ச் சோதனை. மேலே சொன்ன டையூரானும், மக்காச்சோளத்திலும் கரும்பிலும் தெளிக்கப்படும் அட்ரசினும் ஒளி அமைப்பு 2-இன் டி1 பகுதியில் உள்ள ஒரே பள்ளத்தில் போய் அமர்ந்து, எலக்ட்ரானின் வாயிலை அடைக்கின்றன. மின்முனையின் மேல் ஒளி அமைப்பு 2 இருந்தால், அத்தகைய மருந்து கலந்த நீர் பட்டதும் மின்னோட்டம் சரியும். சரிவின் அளவு மருந்தின் அளவைக் காட்டும். ஆய்வாளருக்குக் கட்டுப்பாட்டுச் சோதனையாக இருந்த ஒன்று இங்கே கருவியாகவே மாறுகிறது.

இந்த வழியில் ரோம் நகரில் மரியா தெரசா ஜியார்டியின் குழு நீண்ட காலம் உழைத்திருக்கிறது. இத்தகைய உணரிகள் லிட்டருக்கு ஒரு நானோமோல் அளவை எட்டியுள்ளன. டையூரானுக்கு அது சுமார் 0.23 மைக்ரோகிராம். குடிநீரில் எந்தத் தனி மருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. ஆக உணரி வரம்பை நெருங்கிவிட்டது, முழுதும் தொடவில்லை. டி1 புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய பாசி வகைகளையும் பயன்படுத்தினால், அட்ரசின் வகையையும் டையூரான் வகையையும் ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும். அட்ரசினுக்கு அசையாத களைகள் வயலில் தோன்றியதும் இதே மாற்றத்தால்தான்.

பள்ளத்தாக்கின் வடிகால் எல்லாம் முல்லையாற்றில் சேர்ந்து வைகை அணைக்குப் போகிறது. அங்கிருந்து மதுரைக்குக் குடிநீராகிறது. வயல், வாய்க்கால், அணை என்று பல இடங்களில் மலிவாகவும் விரைவாகவும் சோதிக்க வேண்டிய நீர் அது. ஒரு பாட்டில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி நாள்கணக்கில் காத்திருப்பதைவிட, வாய்க்கால் ஓரத்திலேயே சில நிமிடங்களில் ஆம், இல்லை என்று சொல்லும் கருவிக்கு மதிப்பு உண்டு.

அதன் எல்லையும் தெளிவானது. கிளைபோசேட் வேறொரு நொதியைத் தாக்கும் களைக்கொல்லி என்பதால் இந்த உணரிக்கு அது தெரியாது. திராட்சை, ஏலக்காய்த் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கும் டி1 பள்ளத்துக்கும் தொடர்பில்லை. செம்பு போன்ற உலோகங்கள் கலந்த நீரும் ஒளி அமைப்பு 2-ஐத் தளர்த்தும். மின்னோட்டம் சரிந்தது என்பதற்காக அது களைக்கொல்லிதான் என்று முடிவு கட்ட முடியாது. போர்டோக் கலவை தெளித்த திராட்சைத் தோட்டத்து நீரில் இது குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. உணரி எச்சரித்த நீரில் எந்த மருந்து, எவ்வளவு என்று அறிய, மாதிரியைக் குரோமடோகிராபி ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும்.